வாசகர் கேள்வி–பதில்: தொலைதூரக் கேலக்ஸிக் கொத்துகளும் எக்ஸ்-கதிர் தொலைநோக்கிகளும்

கேலக்ஸிக் கொத்துகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும் கேலக்ஸிகள் ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்டு கிடப்பதே கொத்து என்றும், அதன் நிறையில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள், மிச்சத்தில் பெரும்பகுதி எக்ஸ்-கதிரில் ஒளிரும் சூடான வாயு, விண்மீன்கள் வெகு சொற்பம் என்றும் அதில் சொல்லியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நம் தென்னாப்பிரிக்க வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

சாட்ஸ்வொர்த் வாசகி ஒருவர்: நான் மருத்துவமனையில் எக்ஸ்-ரே பிரிவில் வேலை செய்கிறேன். உடம்பையே துளைத்துக்கொண்டு போகும் கதிர், காற்றைத் துளைக்காதா? சதர்லாந்து மலையில் அவ்வளவு பெரிய சால்ட் தொலைநோக்கி இருக்கும்போது விண்வெளிக்கு ஏன் போக வேண்டும்?

உங்கள் எந்திரத்தையே எடுத்துக்கொள்வோம் அம்மா. நெஞ்சுப் படத்துக்கு 100 கிலோவோல்ட்டுக்கு மேல் வைப்பீர்கள். விரலுக்கு 50-ஐ ஒட்டி வைப்பீர்கள். கொத்துகளிலிருந்து வரும் கதிரில் நாம் அளப்பது 0.5 முதல் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரைதான் (இனி இதை ‘கேஇவி’ என்றே எழுதுகிறோம்). ஆற்றல் பாதியானால் உறிஞ்சப்படுவது ஏறக்குறைய எட்டு மடங்காகும். குழாயின் வாயில் ஏன் அலுமினியத் தகடு வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். படத்துக்கு உதவாமல் தோலிலேயே நின்றுவிடும் மென்கதிர்களை வடிகட்டத்தான் அது. கொத்துகள் அனுப்புவது அந்த மென்கதிரைவிடவும் மென்மையானது. 1 கேஇவி கதிரைப் பெரும்பாலும் நிறுத்த, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன் நீர் போதும். நம் தலைக்கு மேலுள்ள காற்று, எடைக் கணக்கில் 10 மீட்டர் ஆழ நீருக்குச் சமம். மலை உச்சிக்குப் போனாலும் அதில் சிறு பகுதிதான் குறையும்.

உங்கள் பிரிவில் இல்லாத ஒன்று இங்கே உண்டு, கண்ணாடி. எக்ஸ்-கதிரை நேராகக் கண்ணாடியில் அடித்தால் அது உள்ளே போய் மறைந்துவிடும். ஒரு பாகைக்கும் குறைவான சாய்வில், தட்டைக்கல் குளத்து நீரில் பட்டுத் தெறிப்பதுபோல் உரசிப் போனால்தான் திரும்பும். ஆகவே கண்ணாடிகள் தட்டு வடிவில் இல்லாமல் பீப்பாய் வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சந்திரா என்ற விண்வெளித் தொலைநோக்கியில் இரிடியம் பூசிய நான்கு கண்ணாடி இணைகள், குவியத் தொலைவு 10 மீட்டர். எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இன்னொரு விண்கலத்தில் மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் தங்கம் பூசிய 58 மெல்லிய ஓடுகள், குவியத் தொலைவு 7.5 மீட்டர். முதலாவதில் கனமான, மிக வழவழப்பான கண்ணாடி. படம் கூர்மை, பரப்பு குறைவு. இரண்டாவதில் மெல்லிய ஓடுகள். பரப்பு அதிகம், படம் சற்று மழுங்கல். கொத்துகளைப் பார்ப்பவர்களின் பாதிச் சங்கடம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகிறது. கீழே வருவோம்.

ஃபீனிக்ஸ் வாசகர் ஒருவர்: எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கொத்து இருக்கிறதாமே? டர்பனிலிருந்து பார்க்க முடியுமா?

பெயர் உங்கள் ஊரிலிருந்து போகவில்லை. ஃபீனிக்ஸ் என்ற தென்வான விண்மீன் குழுவிலிருந்து வந்தது. அந்தக் குழுவை நீங்கள் நன்றாகவே பார்க்கலாம். அக்டோபர், நவம்பர் மாலைகளில் அது டர்பனுக்கு ஏறத்தாழ உச்சியில், கொஞ்சம் தெற்கே ஒதுங்கி நிற்கும். பிரகாசமான அச்செர்னாரைப் பிடித்துவிட்டால், அதற்கு வடமேற்கே அங்கா என்ற மிதமான விண்மீன் தெரியும். கொத்து மட்டும் வீட்டுத் தொலைநோக்கிக்கு எட்டாது.

அந்தச் சிறு வானப் பகுதியில் ஒன்றல்ல, இரண்டு பேர்போன கொத்துகள் இருக்கின்றன. ஃபீனிக்ஸ் கொத்தைத் தென்துருவத் தொலைநோக்கி கண்டுபிடித்தது. செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலை நீளும் அளவு) சுமார் 0.6, ஒளி கிளம்பி சுமார் 570 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் நடுக் கேலக்ஸியில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரிய நிறை அளவுக்குப் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. நம் பால்வீதியில் ஆண்டுக்கு ஓரிரு சூரிய நிறைதான். மற்றது எல் கோர்டோ, ஸ்பானிய மொழியில் ‘குண்டன்’. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்திலிருந்த அட்டகாமா அண்டவியல் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது; டர்பனின் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்தக் கூட்டு முயற்சியில் பங்குகொண்டவர்கள். செம்பெயர்ச்சி 0.87, அதாவது 700 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஒளி. இரண்டு பெருங்கொத்துகள் மோதிக்கொண்டிருக்கும் இடம் அது. வாயுவின் வெப்பம் 14 கேஇவிக்கு மேல், ஏறத்தாழ 17 கோடி பாகை.

டோங்காட் மாணவி: 17 கோடி பாகை என்றால், அதற்குள் விண்கலம் போனால் எரிந்து சாம்பலாகிவிடுமா?

ஆகாது. அந்த வாயுவில் ஒரு கன மீட்டருக்குச் சில ஆயிரம் துகள்கள்தான் இருக்கும். கொத்தின் நட்ட நடுவில்தான் அதைவிடப் பல மடங்கு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் அதே இடத்தில் 25 எழுதி அதன் பின் 24 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கை. ஒவ்வொரு துகளும் கடும் வேகத்தில் ஓடுகிறது, ஆனால் கலத்தில் வந்து மோதுபவை சொற்பம். அவ்வளவு மெலிந்த வாயு எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குத் தெரிவதற்குக் காரணம் அதன் பரப்பு. குறுக்களவு பல பத்து லட்சம் ஒளியாண்டு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர்: தூரம் கூடினால் ஒளி குறையும், சரி. ஆனால் கொத்து பரந்த பொருளாயிற்றே, அதன் பரப்புப் பிரகாசம் மாறக்கூடாதே? பிறகு ஏன் தொலைதூரக் கொத்துகள் இவ்வளவு கடினம்?

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கோயில் கோபுரத்தின் விளக்கு வரிசையைப் பத்தடியிலிருந்து பார்த்தாலும், தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும், கண்ணில் விழும் அதன் அளவு சுருங்குமே ஒழிய ஒரு சதுரப் பாகைக்கான வெளிச்சம் மாறாது. விரியும் அண்டத்தில் இந்த விதி உடைகிறது. ஒளியின் துகளான ஒவ்வொரு ஃபோட்டானும் விரிவில் ஆற்றல் இழக்கிறது, அது ஒரு மடங்கு. அடுத்தடுத்த ஃபோட்டான்கள் வந்து சேரும் இடைவெளி நீள்கிறது, அது இன்னொரு மடங்கு. ஒளி கிளம்பியபோது கொத்து நமக்கு அருகில் இருந்ததால், வானத்தில் நீளத்திலும் அகலத்திலும் பெரிதாகத் தெரிகிறது, அது இரண்டு மடங்குகள். நான்கையும் பெருக்கினால், ஒன்றோடு செம்பெயர்ச்சியைக் கூட்டி அதன் நான்காம் அடுக்கு. செம்பெயர்ச்சி 1 என்றால் 16-இல் ஒரு பங்கு, 1.5 என்றால் 39-இல் ஒரு பங்கு.

நல்ல செய்தியும் உண்டு. செம்பெயர்ச்சி 1-ஐ ஒட்டிய தூரத்தில் ஒரு வில்நொடி (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது சுமார் 8 கிலோபார்செக், அதாவது ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு. அதற்கு அப்பால் போனாலும் இந்த அளவு அதிகம் மாறாது. 1 மெகாபார்செக் (1,000 கிலோபார்செக்) அகலம் எப்போதும் 2 வில்நிமிடத்தை (120 வில்நொடியை) ஒட்டியே நிற்கும். எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கொத்து ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுவதில்லை; விரிந்த பொருள் என்று அடையாளம் காணலாம்.

இதை வேறொரு வழியிலும் தாண்டுகிறார்கள். பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலை ஒளி கொத்தின் வாயுவைக் கடக்கும்போது அதில் ஒரு சிறு நிழல் விழுகிறது. அந்த நிழலின் ஆழம் தூரத்தைப் பொறுத்தது அல்ல. ஆகவே தென்துருவமும் அட்டகாமாவும் கொத்து இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சந்திராவோ எக்ஸ்எம்எம்மோ அங்கே திரும்பி, பல மணி நேரம், தேவைப்பட்டால் நாள் கணக்கில், உற்றுப் பார்க்கும். தொலைதூரப் பெருங்கொத்துகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்தக் கூட்டணியால் வந்தது.

லெனேசியா வாசகர் ஒருவர், வயது 71: சந்திரா என்பது நம் பெயர்தானே?

நம் பெயரேதான் ஐயா. சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்தது. தமிழ்க் குடும்பம்; 1910-இல் லாகூரில் பிறந்தார், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், 1983-இல் இயற்பியல் நோபல் பெற்றார். நண்பர்கள் அவரை அழைத்த பெயர் சந்திரா. தொலைநோக்கி 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப் போனது.

டர்பன் முதுகலை மாணவி: சந்திரா காப்பகத்திலிருந்து செம்பெயர்ச்சி 1-ஐ ஒட்டிய ஒரு கொத்தின் தரவை இறக்கினேன். பின்னணியை ஒரு விதமாக எடுத்தால் வெப்பம் 8 கேஇவி வருகிறது, இன்னொரு விதமாக எடுத்தால் 14. எங்கே தவறு?

இந்தக் கேள்விக்குத்தான் இந்த இதழில் அதிக இடம். காரணம், உங்களுக்கு வந்தது எல்லோருக்கும் வருகிறது.

முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். கொத்தின் வட்டத்துக்குள் 0.5 முதல் 7 கேஇவி வரை 1,000 ஃபோட்டான் விழுந்திருக்கிறது, அதில் 600 கொத்துடையது, 400 பின்னணி (கொத்திலிருந்து வராத கதிரும் துகளும்) என்று வைத்துக்கொள்வோம். பின்னணி அளவில் 5 சதவீதம் பிசகினால் 20 ஃபோட்டான். 600-க்கு முன்னால் 20 பெரிதில்லை என்று தோன்றும். இப்போது 4 கேஇவிக்கு மேலே மட்டும் பாருங்கள். அங்கே கொத்துடையது 60, பின்னணி 200 என்றால், அதே 5 சதவீதம் 10 ஃபோட்டான் ஆகிறது. கொத்தின் ஒளியில் ஆறில் ஒரு பங்கு. 8 கேஇவி வாயுவையும் 14 கேஇவி வாயுவையும் பிரித்துக் காட்டுவது அந்த வால்பகுதி ஒன்றுதான். செம்பெயர்ச்சி 1-இல் அந்த வளைவு முழுவதும் பாதி ஆற்றலுக்கு இறங்கி வருவதால் கொஞ்சம் பிழைத்தோம். ஆனாலும் தீர்ப்பு எழுதப்படுவது அங்கேதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நீங்கள் எடுத்துப் பார்க்கும் சோறு உங்கள் பானையுடையதுதானா என்பதே இங்கே கேள்வி.

ஆகவே வரிசையாகச் சரிபாருங்கள்.

சந்திரா தரவுக்கான சியாவோ மென்பொருளின் மறுசெயலாக்க நிரலை, இன்றைய அளவீட்டுக் கோப்புகளோடு, முதலிலிருந்து ஓட்டுங்கள். காப்பகத்தில் இருக்கும் பழைய செயலாக்கத்தை அப்படியே எடுக்காதீர்கள். சந்திராவின் சிசிடி என்ற உணரிக்கு முன்னாலுள்ள மெல்லிய வடிகட்டியில் ஆண்டுதோறும் ஒரு படலம் படிந்துகொண்டே போகிறது. அது 1 கேஇவியை ஒட்டியும் அதற்குக் கீழேயும் வரும் ஃபோட்டான்களை விழுங்குகிறது. படலம் மெல்லியது என்று நினைத்துக் கணக்கிட்டால், காணாமல் போன மென்கதிர்கள் கொத்திலேயே இல்லை என்று முடிவாகும். வெப்பம் பொய்யாக ஏறும். தரவு ‘மிக மங்கல்’ முறையில் எடுக்கப்பட்டிருந்தால் அதற்கான கூடுதல் வடிகட்டலையும் இயக்குங்கள். துகள்கள் மோதியதால் பதிவான போலி நிகழ்வுகள் கணிசமாகக் குறையும்.

பிறகு ஒளிர்வு வரைபடம், அதாவது நேரத்தோடு எண்ணிக்கை மாறுவதைக் காட்டும் படம். கொத்தும் புள்ளி மூலங்களும் இல்லாத ஓர் இடத்தை எடுத்து, 259 நொடித் துண்டுகளாகப் பிரித்து, சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகும் துண்டுகளை வெட்டுங்கள். சூரியனிலிருந்தும் பூமியின் காந்தப் புலத்திலிருந்தும் வரும் மென்புரோட்டான்கள் கண்ணாடியால் குவிந்து வந்து விழும் நேரங்கள் அவை. எக்ஸ்எம்எம்மில் இந்தத் தொல்லை இன்னும் மோசம். நோக்கிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போவது வழக்கம். வெட்ட மனம் வராமல் விட்டுவைத்தால், உங்கள் 4 கேஇவி வால்பகுதியில் நிற்பது புரோட்டான்களாக இருக்கும்.

அடுத்தது புள்ளி மூலங்கள். வேவ்டிடெக்ட் நிரல் கண்டுபிடித்ததையெல்லாம் கண்மூடி நீக்கிவிடாதீர்கள். குளிர்ந்த நடுப்பகுதி கொண்ட கொத்தின் உச்சியையே அது ‘புள்ளி’ என்று கொத்தி எடுத்துவிடும். படம் பார்க்கும் மென்பொருளான டிஎஸ்9-இல் 0.5–2, 2–7 கேஇவி என இரண்டு படங்களை அருகருகே வையுங்கள். மென்படத்தில் மட்டும் மேடாகத் தெரிந்து வன்படத்தில் மறைவது பெரும்பாலும் வாயு. வன்படத்தில் ஊசிமுனையாக நிற்பது கருந்துளை. ஃபீனிக்ஸ் கொத்தின் நடுவில் தூசியும் வாயுவும் மூடிய அப்படியொரு கருந்துளை உண்டு. அதை மறைக்காமல் நிறமாலை எடுத்தால் வாயு வெப்பம் கன்னாபின்னாவென்று ஏறும்.

இப்போது பின்னணி. உங்கள் 8-க்கும் 14-க்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் இதுதான். வெற்றுவானக் கோப்பை (கொத்து இல்லாத வானத்தை நோக்கிச் சேர்த்து வைத்த தரவை) எடுத்திருந்தால், அதை நோக்கிய நேரத்தின் விகிதத்தால் பெருக்காதீர்கள். 9.5 முதல் 12 கேஇவி வரையுள்ள எண்ணிக்கையின் விகிதத்தால் பெருக்குங்கள். அந்த ஆற்றலில் சந்திராவின் கண்ணாடி ஏறக்குறைய எதையும் குவிக்காது. அங்கே பதிவாவதெல்லாம் துகள்கள், ஆகவே அதுவே சரியான அளவுகோல். சூரியச் சுழற்சியோடு துகள் அளவு ஏறி இறங்குவதால் நேர விகிதம் ஏமாற்றும். அதே படத்திலிருந்து பின்னணி எடுத்தால் அதே சில்லில், மையத்திலிருந்து 5, 6 வில்நிமிடம் தள்ளி எடுங்கள். தொலைதூரக் கொத்து 2, 3 வில்நிமிடத்தில் முடிந்துவிடுவதால் இது சாத்தியம். பக்கத்துக் கொத்துக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. நம் கருத்தில் தொலைதூரக் கொத்துக்கு உள்ளூர்ப் பின்னணியே நம்பகமானது; வெற்றுவானக் கோப்பை ஒத்துப்பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பொருத்தம். செம்பெயர்ச்சியை ஒளியியல் நிறமாலையிலிருந்து எடுத்து நிலைநிறுத்துங்கள். பால்வீதியின் ஹைட்ரஜன் அளவை ரேடியோ வரைபடத்திலிருந்து எடுத்து அதையும் பூட்டுங்கள். 600 ஃபோட்டானில் உலோக அளவைக் கேட்பது பேராசை, சூரியனுடையதில் 0.3 என்று வைத்துவிடலாம். ஃபோட்டான்களை 20, 20 ஆகக் கூட்டி, கை-வர்க்கம் என்ற பொருத்த முறையைப் போடாதீர்கள். எண்ணிக்கை குறைவான இடத்தில் அது கீழிறங்கிய துண்டுகளுக்கு அதிக நம்பிக்கை கொடுத்து விடையை ஒரு பக்கம் சாய்க்கும். ஒரு துண்டுக்குக் குறைந்தது ஒன்று என்று மட்டும் கூட்டி, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற காஷ் புள்ளியியலைப் பயன்படுத்துங்கள். இத்தனைக்கும் பிறகு 8-க்கும் 14-க்கும் நடுவில் ஒரு விடை வந்து, பிழை எல்லை 3, 4 கேஇவி என்று நின்றால், அது உங்கள் தவறு அல்ல. 600 ஃபோட்டான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதுங்கள்.

கணினியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாதாரண மடிக்கணினி போதும். லினக்ஸ், மேக் இரண்டிலும் சியாவோ ஓடும். மின்சாரம் நிற்காத நேரமாகப் பார்த்து மறுசெயலாக்கத்தைத் தொடங்குங்கள். நடுவில் நின்றால் அரைகுறைக் கோப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுவதே நல்லது; மிச்சத்தை ஒட்டவைக்க முயல வேண்டாம்.

அதே மாணவி: சந்திராவை விட்டு எக்ஸ்எம்எம்மோ இரோசிட்டாவோ எடுத்தால் நல்லதா?

ஃபோட்டான் எண்ணிக்கை வேண்டுமென்றால் எக்ஸ்எம்எம். ஒரே நேரத்தில் பல மடங்கு கிடைக்கும். ஆனால் அதன் படத்தில் ஒரு புள்ளியின் ஒளியில் பாதி சுமார் 15 வில்நொடி விட்டத்துக்குள் பரவி நிற்கும். செம்பெயர்ச்சி 1-இல் 100 கிலோபார்செக் ஆரமுள்ள குளிர்ந்த நடுப்பகுதி 12, 13 வில்நொடிதான். நடுவிலிருக்கும் கருந்துளையும் குளிர்ந்த வாயுவும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அரை வில்நொடி வரை பிரிக்கும் சந்திரா அங்கே அவசியம். இரண்டும் கிடைத்தால், சந்திரா படத்திலிருந்து புள்ளிகளின் இடத்தையும் பிரகாசத்தையும் எடுத்து, எக்ஸ்எம்எம் நிறமாலையைப் பொருத்தும்போது அவற்றைத் தனிக்கூறாகச் சேருங்கள்.

இரோசிட்டா, முழு வானத்தையும் அளக்கப் போன எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி; கொத்துகளைத் தேடுவதற்கானது. 2019 ஜூலையில் கிளம்பி, 2022 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. முதல் முழுவான அளவீட்டின் ஒரு பாதியிலேயே 12,247 கொத்துகள் பட்டியலிடப்பட்டன. ஒரு தொலைதூரக் கொத்துக்கு அதில் கிடைப்பது பல வேளை சில பத்து ஃபோட்டான்கள்தான். வெப்பம் அளக்கப் போதாது. 2023 செப்டம்பரில் ஜப்பானிலிருந்து போன எக்ஸ்ரிசம் தொலைநோக்கி, உணரியை முழுச்சுழி வெப்பத்துக்கு 0.05 பாகை மேலே வரை குளிரவைத்து, நிறமாலையில் இரும்புக் கோட்டின் அகலத்திலிருந்து வாயு கொந்தளிக்கும் வேகத்தையே அளக்கிறது. அதன் முன்கதவு திறக்காததால் 1.7 கேஇவிக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் உள்ளே வருவதில்லை. அருகிலுள்ள பிரகாசமான கொத்துகளுக்கு அது பொக்கிஷம். உங்கள் கொத்துக்கு இப்போதைக்கு இல்லை.

மெரிபேங்க் ஆசிரியர்: வாயுவின் வெப்பத்திலிருந்து கொத்தின் நிறையை எப்படிச் சொல்கிறார்கள்? மோதும் கொத்துக்கும் அது பொருந்துமா?

வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது, ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாக நிற்கின்றன என்று கொள்வோம். வெப்பமும் அடர்த்தியும் மையத்திலிருந்து எப்படிக் குறைகின்றன என்பது தெரிந்தால், உள்ளே எவ்வளவு நிறை இருந்தால் இந்தச் சமநிலை நிற்கும் என்று கணக்கிடலாம். அடர்த்தியை அளப்பது எளிது. எக்ஸ்-கதிர்ப் பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. கடினம் வெப்பத்தில்தான். ஓர் ஆரத்தில் மட்டும் அளந்தால் போதாது, பல வளையங்களில் வேண்டும். தொலைதூரக் கொத்தில் அத்தனை ஃபோட்டான் கிடைக்காது. அதனால் வாயு நிறையையும் மொத்த வெப்பத்தையும் பெருக்கிய ஓர் எண்ணைக் கொண்டு, ஏற்கெனவே நன்கு அளந்த கொத்துகளோடு ஒப்பிட்டு நிறையைச் சொல்வது வழக்கம்.

மோதலில் இந்தச் சமநிலை குலைகிறது. அதிர்ச்சி அலை வாயுவைத் தற்காலிகமாகச் சுட வைக்கும். வாயுவின் கொந்தளிப்பும் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்கும், அது வெப்பத்தில் தெரியாது. அமைதியான கொத்திலேயே இதனால் நிறை 10 முதல் 30 சதவீதம் குறைவாக வரலாம் என்கிறார்கள். எல் கோர்டோ போன்றவற்றுக்கு, பின்னாலுள்ள கேலக்ஸிகளின் வடிவம் ஈர்ப்பால் எவ்வளவு வளைகிறது என்று ஹபிள் படத்தில் அளந்து ஒத்துப்பார்க்காமல் எக்ஸ்-கதிர் நிறையை மட்டும் நம்பக்கூடாது. இங்கே நம் நாட்டுக் கருவிகளுக்கும் வேலை இருக்கிறது. கொத்துக் கேலக்ஸிகளின் வேகங்களை சால்ட் நிறமாலையிலிருந்து எடுக்கிறார்கள். கார்னார்வன் அருகே 64 தட்டுகளோடு நிற்கும் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி, அதிர்ச்சி அலை போன தடத்தில் ஒளிரும் ரேடியோ வளைவுகளைக் காட்டுகிறது. அப்படியொரு வளைவு தெரிந்தால் அந்தக் கொத்தைச் சமநிலைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் பள்ளி மாணவன்: படங்களில் கொத்து ஏன் ஊதாவாகவும் நீலமாகவும் இருக்கிறது?

நிறம் படம் தயாரித்தவர்கள் கொடுத்தது, தம்பி. எக்ஸ்-கதிருக்குக் கண் அறியும் நிறம் இல்லை. பொதுவாகக் குறைந்த ஆற்றலுக்குச் சிவப்பு, நடுவுக்குப் பச்சை, அதிக ஆற்றலுக்கு நீலம் என்று வைப்பார்கள். சில படங்களில் எக்ஸ்-கதிர் முழுவதற்கும் ஒரே நிறம் கொடுத்து, கரும்பொருள் இருக்கும் இடத்துக்கு இன்னொரு நிறம் கொடுப்பதும் உண்டு. படத்தின் கீழே எந்த நிறம் எதற்கு என்று எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்.